வந்த காரணம்

வேலூருக்கு வெளியூர்க்காரர் யார் வந்தாலும்
முதலில் கேட்பது ஒன்றுதான்:
பேஷண்ட் யாரு?

பாபுராவ் தெருவில் எங்கள் லாட்ஜ்.
பலகையில் தமிழ் சிறிது, வங்காளம் பெரிது.
பதிவேட்டில் ஐந்தாவது கட்டம் 'வந்த காரணம்'.
இதயம் என்று எழுதுவார்கள். கிட்னி. மகனுக்கு ரத்தம்.
ஒருவர் வெறுமனே 'அம்மா' என்று எழுதியிருந்தார்.

ஜனவரியில் வந்த ஜப்பான்காரர்,
ஒகினோ சயாகா,
பேனாவை வாங்கி, கொஞ்சம் யோசித்து,
தமிழிலேயே எழுதினார்: ஒரு கல்.

கிட்னியிலா மேடம் என்றேன்.
ஒடுகத்தூருக்கு அப்பால் என்றார்.

மாடு கவர வந்தவர்களை மறித்துச்
செத்துப்போன ஒருவனுக்கு நட்ட கல்.
ஆயிரத்து இருநூறு வருஷம் இருக்குமாம்.
அவர் தமிழுக்கும் ஏறக்குறைய அதே வயசு.
தொறு, ஞான்று, பட்டான் எல்லாம் தெரியும்;
பக்கெட்டும் சில்லறையும் தெரியாது.
'நீர் தருக' என்று ரூம்பாய் தனபாலிடம் கேட்க
'நான் என்னத்தைத் தர்றது?' என்று நின்றான் அவன்.

லீவு நாளொன்றில் நானும் போனேன், வாளி தூக்க.
ஜவ்வாது மலையடி. பஸ் திரும்பும் இடத்திலிருந்து நடை.
கல்லில் ஓர் ஆள், வில், தலை சாய்த்த மாடு,
மேலே வட்டெழுத்தில் நாலரை வரி.
பெயர் வரும் இடம் மட்டும் வழவழவென்று இருந்தது.
அரிவாள் தீட்ட அவ்வளவு தோதான கல்
அந்தப் பக்கம் வேறு கிடையாதாம்.
ஒவ்வொரு தை அறுப்பிலும்
அவனையும் கொஞ்சம் அறுத்திருக்கிறார்கள்.
கோபப்படுவார் என்று பார்த்தேன்.
விரலால் தடவி 'நல்ல கூர் வந்திருக்கும்' என்றார்.

ஈரத்தாளை ஒட்டி, பிரஷால் தட்டித் தட்டி,
மை ஒற்றி எடுத்த படியை
எங்கள் மொட்டைமாடிக் கொடியில் காயப்போட்டார்,
லுங்கிகளுக்கும் கடுகெண்ணெய்க் கறை போகாத
துண்டுகளுக்கும் நடுவில்.

அங்கேதான் நிதாய் மண்டல் அதைப் பார்த்தார்.
மால்டாக்காரர். மனைவிக்கு வால்வு.
பதினேழு நாளாக எக்ஸ்ரேக்களை
வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பழகியவர்.
கறுப்பில் வெள்ளைக் கோடுகள்.
கொடிக்கு அடியில் குனிந்து, வெயிலுக்கு எதிரே நின்று,
நெடுநேரம் பார்த்துவிட்டு
எங்கே வலி என்று கேட்டார்.

மொழிபெயர்த்தேன். அவர் சிரிக்கவில்லை.
பெயர் தேய்ந்த இடம், முழுக் கறுப்பு,
அதன் ஓரத்தில் மிஞ்சிய ஒரே வளைவு.
அதைத் தொட்டுக் காட்டினார்.
முதலெழுத்து.
காவா சாவா என்று தெரியவில்லை.

அதற்கப்புறம் சாயங்காலங்களில்
லென்ஸ் ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு மாறியது.
நடுவில் நான் தேவைப்படவில்லை.

ஒரே வாரத்தில் இரண்டு ரூமும் காலி.
அவர் செவ்வாய்க்கிழமை, எல்லோருக்கும் கைகூப்பிவிட்டு.
நிதாய் ஒரு ராத்திரியில், என் ஷிப்டு இல்லாதபோது.
கையெழுத்து இல்லை. அட்வான்சில் முன்னூறு ரூபாய்
வாங்காமலே போயிருக்கிறார்.
தனபால் எதுவும் கேட்கவில்லையாம்.
கேட்கிற மாதிரி முகம் இல்லை என்றான்.

ஆடியில் கடிதம் வந்தது, பிசிறில்லாத கையெழுத்து:
'அவ்வெழுத்து கா.
நிதாய் அவர்கட்கும் அறிவிக்க.'

பழைய பதிவேட்டைத் தேடி நம்பரைப் போட்டேன்.
ஒரு பெண்குரல் எடுத்தது. பின்னால் வாத்துகள்.
தெரிந்த வங்காளத்தில் சொன்னேன்:
வேலூர் லாட்ஜ், அந்தக் கல்லில் இருந்தது கா.
எந்தக் கல் என்று அவள் கேட்கவில்லை.
'பாலோ' என்றாள். நல்லது.
கொஞ்சம் பொறுத்து இன்னொரு தரம், 'பாலோ'.

மனைவியா, மகளா,
கேட்டிருக்கலாம்.
முன்னூறு ரூபாயைச் சொல்லவும் மறந்துபோனேன்.